புதுப் பொருளுக்கு ஆள் தேடித் தருமா மெட்டாவின் ஆடியன்ஸ் கருவி?

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை இயக்கும் மெட்டா ஆட்ஸ் மேனேஜரில் 'ஆடியன்ஸ்' என்றொரு பகுதி இருக்கிறது. விளம்பரம் யார் கண்ணில் பட வேண்டும் என்பதை அங்கேதான் சொல்ல வேண்டும். ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கும் பொருளுக்கு இதைவிடக் கெட்டிக்காரக் கருவி அரிது. இன்னும் ஒரு பீஸ்கூடப் போகாத புதுப் பொருளுக்கோ இது பாதிக் கருவிதான். மீதிப் பாதி வேலையை வெளியே முடித்துவிட்டு வருபவருக்கே போட்ட பணம் தேறும். வாங்கியவர்களின் சாயலில் இருப்பவர்களைத் தேடிப் பிடிப்பது இதன் பலம். வாங்கியவர் என்று ஒருவருமே இல்லாதபோது யாருடைய சாயலைத் தேடும்?

விளக்கத்துக்கு ஒரு பொருளை வைத்துக்கொள்வோம்: நாற்காலியில் மாட்டிக்கொள்ளும் முதுகுத் தாங்கி மெத்தை. நடுமுதுகின் வளைவுக்கு அணை கொடுக்கும் நுரை, பின்னால் இரண்டு பட்டைகள், கழற்றித் துவைக்கும் உறை. யார் வாங்குவார்கள்? நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் உட்காருபவர், நெடுந்தூரம் வண்டி ஓட்டுபவர், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய், பெரும்பாலும் நாற்காலியிலேயே பொழுதைக் கழிக்கும் முதியவர். நால்வருக்கும் முதுகு முதுகுதான். ஆனால் வாங்கும் காரணம் வேறு, வாங்கத் தோன்றும் நேரம் வேறு, இப்போதைக்கு ஒப்பேற்றிக்கொண்டிருக்கும் பொருளும் வேறு.

நான்காவது ஆளிடம் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. மெத்தையில் சாய்பவர் அப்பா. ஆர்டர் போடுபவர் மகளோ மகனோ. வயது 60-க்கு மேல் என்று வைத்து விளம்பரம் ஓட்டினால் அது பயன்படுத்துபவரிடம் போகும், காசு கொடுப்பவரிடம் போகாது. வயதுப் பெட்டியை நிரப்பும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாததால் கரைந்த பட்ஜெட்டுகள் ஏராளம். குழந்தைகள் பொருள், பரிசுப் பொருள், அலுவலகத்துக்கு மொத்தமாக வாங்கும் பொருள் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

கருவி கேட்காத கேள்விகள்

இடம், வயது, பாலினம், மொழி, ஆர்வம். ஆடியன்ஸ் பக்கம் உங்களிடம் கேட்பது இவ்வளவே. எந்தச் சந்தர்ப்பத்தில் இந்தப் பொருள் தேவைப்படுகிறது என்று அது கேட்பதில்லை. கேட்க அதற்கு இடமும் இல்லை. அதனால்தான் பலர் '25 முதல் 45 வரை, ஆண் பெண் இருவரும், ஆரோக்கியத்தில் ஆர்வம் உள்ளவர்கள்' என்று எழுதிவிட்டு டார்கெட் ஆடியன்ஸ் தேர்ந்தெடுத்தாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஒரு பத்தி மட்டுமே.

ஆட்ஸ் மேனேஜரைத் திறப்பதற்கு முன், ஒவ்வொரு பிரிவிலும் பத்துப் பன்னிரண்டு பேரிடமாவது பேசிவிட வேண்டும். 'இப்படி ஒரு மெத்தை வந்தால் வாங்குவீர்களா?' என்று கேட்காதீர்கள். முகத்துக்கு நேராக யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். நடந்து முடிந்ததைக் கேளுங்கள். இந்தத் தொல்லைக்காகக் கடைசியாக எப்போது காசு செலவழித்தீர்கள்? எவ்வளவு? இப்போது எதை வைத்துச் சமாளிக்கிறீர்கள்? அதில் என்ன எரிச்சல்? வண்டி ஓட்டும் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் துண்டைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள் என்றால் அந்தப் பிரிவு நிஜம். 'ஆமாம், முதுகு வலிக்கத்தான் செய்கிறது' என்று சொல்லிவிட்டு எதுவுமே செய்யாமல் இருப்பவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் அவர்களை இப்போதைக்குக் கணக்கில் சேர்க்க வேண்டாம். துண்டைச் சுருட்டுபவர் பாதி வாடிக்கையாளர். புலம்புபவர் வெறும் பார்வையாளர்.

பேசி முடித்ததும் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரே வரி எழுதுங்கள்: யார், எந்த நேரத்தில், எதற்குப் பதிலாக, காசு யாருடையது. 'வாடகை வண்டி ஓட்டுபவர், நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் ஓட்டும் நாளில், சுருட்டிய துண்டுக்குப் பதிலாக, சொந்தக் காசில்.' இந்த வரியை முடிக்க முடியாத பிரிவுக்கு விளம்பரம் ஓட்டாதீர்கள். கூடவே மெட்டாவின் ஆட் லைப்ரரியையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம். இலவசம், எந்தப் பக்கத்தின் நடப்பு விளம்பரங்களையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்றும் காட்டும். இதே மாதிரிப் பொருள் விற்பவர் ஒருவர் ஒரே விளம்பரத்தை மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓட்டுகிறார் என்றால், அதில் பேசப்படும் ஆள் காசு கொடுக்கிறார் என்று கொள்வதில் பெரிய தவறில்லை. அவர் யாருக்கு டார்கெட் செய்கிறார் என்பதை லைப்ரரி பெரும்பாலும் சொல்லாது. அதை விளம்பரத்தின் முதல் வரியிலிருந்து நாம்தான் ஊகிக்க வேண்டும்.

ஆர்வங்களின் பெட்டி

இனி கருவிக்குள் போவோம். புதியவர்கள் முதலில் மொய்ப்பது டீட்டெய்ல்டு டார்கெட்டிங் என்ற பெட்டியைத்தான். எதைத் தட்டினாலும் ஏதோ ஒரு ஆர்வம் வந்து விழும். சர்வ வல்லமை வந்துவிட்ட மாதிரி இருக்கும். உண்மையில் கருவியிலேயே அதிகம் ஏமாற்றும் பகுதி இது.

முதல் பொறி: ஒரே பெட்டியில் ஐந்து ஆர்வங்களைப் போட்டால் 'இதுவும் அதுவும்' என்று அர்த்தமாகாது, 'இதுவோ அதுவோ' என்றுதான் ஆகும். 'வாகனம் ஓட்டுதல்', 'முதுகு', 'நாற்காலி' மூன்றையும் சேர்த்துப் போட்டு, முதுகுப் பிரச்சினை உள்ள ஓட்டுநர்களைப் பிடித்துவிட்டதாக நினைத்தால், உண்மையில் பிடித்திருப்பது மூன்றில் ஏதாவது ஒன்றில் எப்போதோ கை வைத்தவர்கள் அத்தனை பேரையும். குறுக்க வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக உள்ள பொத்தானை அழுத்தி இரண்டாவது பெட்டி திறக்க வேண்டும். பெட்டிக்குள் 'அல்லது', பெட்டிகளுக்கு இடையில் 'மற்றும்'.

இரண்டாவது, ஆர்வம் என்பது மெட்டா செய்த ஊகம். என்ன பக்கங்களைப் பார்த்தார், எதைத் தட்டினார் என்பதிலிருந்து எடுத்தது. கார் பந்தய வீடியோ பார்க்கும் மாணவனும் 'வாகனம்' ஆர்வத்தில் வருவான். பிழைப்புக்கு வண்டி ஓட்டுபவர் ஓய்வு நேரத்தில் சமையல் வீடியோ பார்த்தால் வராமலே போவார். வேலைப் பெயரை வைத்துத் தேடும் வசதி உண்டு. ஆனால் அது பெரும்பாலும் அவரவர் சுயவிவரத்தில் எழுதி வைத்ததை நம்பியிருக்கிறது. எழுதாதவர்கள் எத்தனையோ, வேலை மாறிய பிறகும் பழையதை அப்படியே விட்டு வைத்தவர்கள் எத்தனையோ. நடத்தை என்ற தலைப்பில் வரும் 'எங்கேஜ்டு ஷாப்பர்ஸ்' கேட்க ஜோராக இருக்கும். கடந்த ஒரு வாரத்தில் 'ஷாப் நவ்' பொத்தானைத் தட்டியவர்கள் என்பதே அதன் பொருள். தட்டியவர் வாங்கினாரா என்பது அதில் இல்லை.

மூன்றாவது, இந்தப் பெட்டி வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. வெளி நிறுவனங்களின் தரவை வைத்து இயங்கிய பார்ட்னர் கேட்டகரிகளை மூடப்போவதாக 2018-ல் அறிவித்தார்கள். உடல்நலம், மதம், அரசியல் சாய்வு, பாலியல் நாட்டம் போன்ற நுண்ணுணர்வான விஷயங்களைத் தொடும் விருப்பங்களை 2022 ஜனவரியில் எடுத்தார்கள். 'இந்த ஆர்வம் உள்ளவர்களை விலக்கு' என்று சொல்லும் வசதியும் 2024-ல் புது விளம்பரங்களுக்குப் போய்விட்டது. பழைய யூடியூப் பாடங்களைப் பார்த்துவிட்டு அந்தப் பொத்தானைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஆர்வத்தை வைத்து விளம்பரம் காட்டவே முடியாது. 2023 பிப்ரவரியிலிருந்து அவர்களுக்குப் பாலினத் தேர்வும் இல்லை, வயதும் இடமும் மட்டுமே.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை இது: எந்த ஆர்வத்தின் வழியாக விற்பனை வந்தது என்று அறிக்கையில் பிரித்துப் பார்க்க முடியாது. வயது, பாலினம், இடம், எந்தச் செயலியில் எந்த இடத்தில் தெரிந்தது என்றெல்லாம் பிரேக்டவுன் உண்டு. ஆர்வத்துக்கு இல்லை. எட்டு ஆர்வங்களை ஒரே ஆட் செட்டில் (ஒரே ஆடியன்ஸைப் பகிரும் விளம்பரத் தொகுப்பில்) அடுக்கி ஓட்டி விற்பனையும் வந்துவிட்டால், எட்டில் எந்த ஒன்று வேலை செய்தது என்பது உங்களுக்குத் தெரியவே வராது. புதுப் பொருளுக்கு விற்பனையைவிட முக்கியமான சரக்கு இந்தத் தகவல்தான். போதாக்குறைக்கு, விற்பனையைக் குறிக்கோளாக வைத்தால், நீங்கள் போட்ட ஆர்வங்களைத் தாண்டியும் விளம்பரம் போகும்படி விரிவாக்கம் தானாகவே இயங்கும். நீங்கள் கட்டியது வேலி. அவர்களுக்கு அது கோலம்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு 'இங்கே வசிப்பவர்', 'இங்கே பயணமாக வந்தவர்' என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். 2023-ல் அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டார்கள். வசிப்பவரும் அண்மையில் வந்து போனவரும் ஒன்றாகவே வருவார்கள். குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் டெலிவரி செய்பவர்கள் அதை விளம்பரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. மொழிப் பெட்டியைப் பெரும்பாலும் காலியாக விடலாம். போன் ஒரு மொழியில், பேச்சு இன்னொரு மொழியில் இருப்பவர்கள் அதிகம்.

கஸ்டம், லுக்அலைக்: நல்ல சரக்கு, ஆனால் பிறகு

கஸ்டம் ஆடியன்ஸ் 2012-லும் லுக்அலைக் அதற்கு அடுத்த ஆண்டும் வந்தன. கருவியின் பெயரைக் காப்பாற்றுவது இந்த இரண்டும்தான். இணையதளத்துக்கு வந்தவர்கள் (180 நாள் வரை), பக்கத்தோடு ஏதாவது செய்தவர்கள், வாடிக்கையாளர் பட்டியல் இவற்றிலிருந்து கஸ்டம் ஆடியன்ஸ் உருவாகிறது. அந்த ஆடியன்ஸை விதையாக வைத்து, ஒரு நாட்டில் அவர்களைப் போன்ற 1 முதல் 10 சதவீதம் பேரை லுக்அலைக் எடுத்துத் தருகிறது. 1 சதவீதம் மிக நெருங்கிய சாயல். எண்ணிக்கை ஏற ஏற சாயல் நீர்த்துப்போகும்.

விதைக்கு ஒரே நாட்டைச் சேர்ந்த 100 பேராவது வேண்டும். அது கதவைத் திறக்க மட்டும். 1,000 முதல் 5,000 பேர் வரை இருந்தால் நல்லது என்பது மெட்டாவே சொல்லும் அளவு. புதுப் பொருளுக்கு இந்த 100 எங்கிருந்து வரும்? இங்கேதான் குறுக்கு வழி தேடி மாட்டிக்கொள்கிறார்கள். சொந்தக்காரர்களும் நண்பர்களுமாக வாங்கிய முதல் நூறு ஆர்டரைப் பட்டியலாக ஏற்றினால், கிடைப்பது உங்கள் சொந்தக்காரர்களின் சாயல். 'பகிர்ந்தால் ஒரு மெத்தை இலவசம்' என்று போட்டி வைத்துச் சேர்த்த ஐயாயிரம் பேரை ஏற்றினால், இலவசம் என்றால் வரிசையில் நிற்பவர்களை நாடு முழுவதும் தேடித் தரும். கருவி அங்கே பிழை செய்யவில்லை. கேட்டதை அப்படியே கொடுத்திருக்கிறது.

விற்பனை இல்லாதபோது ஓரளவு நியாயமான விதை வீடியோதான். மெத்தையை ஓட்டுநர் இருக்கையில் எப்படி மாட்டுவது, பட்டையை எந்த உயரத்தில் இழுத்துக் கட்ட வேண்டும் என்று நாற்பது விநாடி வீடியோ எடுத்து ஓட்டுங்கள். அதில் 3 விநாடி பார்த்தவர்களை விட்டுவிட்டு, 75 சதவீதம் வரை பார்த்தவர்களை மட்டும் தனி ஆடியன்ஸாகச் சேருங்கள். பட்டை கட்டும் உயரத்தை அரை நிமிடம் உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஏதோ தேவை இருக்கிறது. வேடிக்கையான வீடியோவாக எடுத்தால் இந்தக் கணக்கு செல்லாது, சிரிப்பவர்கள்தான் சேருவார்கள்.

வாடிக்கையாளர் பட்டியல் ஏற்றும்போது இரண்டு இடத்தில் தவறு நடக்கும். போன் எண்களில் நாட்டுக் குறியீடு விடுபட்டால் பொருத்தம் குறையலாம். பழைய வேறொரு தொழிலின் பட்டியலைக் கொண்டுவந்து கொட்டினால், அந்தப் பட்டியலில் உள்ளவர்களிடம் நீங்கள் அனுமதி வாங்கவில்லை என்பது ஒருபுறம்; அவர்கள் இந்தப் பொருளின் சாயலே இல்லை என்பது மறுபுறம். ஏற்றும் முன் விவரங்கள் ஹேஷ் செய்யப்படுவதால் (படிக்க முடியாத குறியீடாக மாற்றப்படுவதால்) அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடாது.

எல்லாவற்றையும் எங்களிடம் விடுங்கள் என்கிறது அட்வான்டேஜ் பிளஸ்

2023 முதல் மெட்டா முன்னால் தள்ளுவது அட்வான்டேஜ் பிளஸ் ஆடியன்ஸை. இதில் இடம், குறைந்தபட்ச வயது, மொழி, விலக்க வேண்டிய கஸ்டம் ஆடியன்ஸ் போன்ற சில மட்டுமே உங்கள் பேச்சைக் கேட்கும். அதிகபட்ச வயது, பாலினம், ஆர்வம் எல்லாம் 'யோசனை'. கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும். முன்னிருப்பாகவே இது போடப்பட்டிருக்கும் என்பதால், 30 முதல் 45 வரை என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர், அறிக்கையில் 58 வயதுக்காரர்களுக்குப் பணம் போயிருப்பதைப் பார்த்துத் திகைப்பார்.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது நியாயமில்லை. பிக்சலில் (உங்கள் இணையதளத்தில் நடப்பதை மெட்டாவுக்குச் சொல்லும் குறுநிரலில்) விற்பனைகள் பதிவாகிக்கொண்டிருக்கும் கணக்கில் இந்த விரிந்த தேடல் மனிதர் போடும் ஆர்வப் பட்டியலை அடித்துவிடுவதே வழக்கம். முற்றிலும் புதிய கணக்கில் அதற்குக் கையில் ஒன்றுமில்லை. முதல் சில நாள் உங்கள் காசில்தான் தடவித் தடவிப் படிக்கும். தவறான முதல் பத்து விற்பனை அதற்குத் தவறான பாடம்.

அதனால் புதுப் பொருளுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலை இப்போது பெட்டிகளைவிட விளம்பரத்தின் முதல் வரியிலும் முதல் படத்திலும்தான் நடக்கிறது. ஸ்டீயரிங், வெயிலில் வெளுத்த இருக்கை, பின்னால் மெத்தை என்று படம் வைத்தால், வண்டி ஓட்டாதவர் கடந்து போய்விடுவார். யார் நின்றார், யார் தட்டினார் என்பதைக் கருவி கவனித்து அதே வகை ஆட்களைத் தேடும். நான்கு பிரிவுக்கும் பொதுவாக 'உங்கள் முதுகுக்கு ஒரு நண்பன்' என்று ஒரே விளம்பரம் செய்தால் கடலில் பெருங்காயம் கரைத்தது போலத்தான்.

ஆனால் முதல் வரியில் ஆளைக் கூப்பிடும்போது ஒரு கண்ணிவெடி இருக்கிறது. பார்ப்பவரின் தனிப்பட்ட தன்மை உங்களுக்குத் தெரியும் என்ற தொனியில் எழுதக் கூடாது என்பது மெட்டாவின் விளம்பர விதி. உடல்நலம், வயது, மதம், பண நிலை எல்லாம் அதில் அடங்கும். 'உங்களுக்குத் தீராத முதுகு வலியா?' என்றால் மறுக்கப்பட நல்ல வாய்ப்பு உண்டு. 'அறுபதைத் தாண்டிவிட்டீர்களா?' என்பதும் அப்படியே. 'நெடுந்தூர ஓட்டத்தில் நடுமுதுகைத் தாங்கும் மெத்தை' என்று எழுதினால் ஆளும் வருவார், விதியும் மீறப்படாது. பொருளையும் சந்தர்ப்பத்தையும் பேசுங்கள். பார்ப்பவரை நோக்கி விரல் நீட்டாதீர்கள்.

பட்ஜெட்டின் கணக்கு

எந்த ஆட் செட்டாக இருந்தாலும், ஏழு நாளில் சுமார் 50 முறை நீங்கள் கேட்ட செயல் நடந்தால்தான், யாருக்குக் காட்டுவது என்று கருவி படித்துக்கொள்ளும் கற்றல் கட்டத்தைத் தாண்டும் என்பது மெட்டாவின் கணக்கு. அதை வைத்து எளிதாக ஒரு பெருக்கல் போடலாம். ஒரு மெத்தை விற்றால் 100 அலகு லாபம் என்று வையுங்கள். அதில் விளம்பரத்துக்கு அதிகபட்சம் 60 கொடுக்கலாம். 50 விற்பனைக்கு 3,000. நான்கு பிரிவுக்கு நான்கு ஆட் செட் என்றால் வாரத்துக்கு 12,000. கையில் இருப்பது மொத்தமே 4,000 என்றால் ஆளுக்கு ஆயிரம். ஒவ்வொன்றும் பதினாறு விற்பனையில் நின்றுவிடும், நான்குமே 'லேர்னிங் லிமிடெட்' (கற்றல் முடியவில்லை) என்று முழிக்கும். எதுவும் தோற்றதாகவும் சொல்ல முடியாது, ஜெயித்ததாகவும் சொல்ல முடியாது. சிறு பட்ஜெட்டில் நான்கு பிரிவை ஒரே நேரத்தில் சோதிப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு.

வழி இரண்டு. ஒரே ஆட் செட்டில் நான்கு பிரிவுக்கும் ஒவ்வொரு விளம்பரம் வைக்கலாம். மலிவு, ஆனால் முதல் நாளிலேயே ஒன்றுக்கு ஓரிரு கிளிக் கூடினால் பணம் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்துவிடும், மற்றவை பேச வாய்ப்பே கிடைக்காது. இல்லையென்றால் நேர்காணலில் தேறிய இரண்டு பிரிவுகளை மட்டும் எடுத்து, ஏ/பி டெஸ்ட் வசதியில் சமமாகப் பிரித்து ஒரு வாரம் ஓட்டலாம். இரண்டாவதுதான் புதுப் பொருளுக்குச் சரி. ஒருவர் இரண்டு பக்கமும் வராமல் அது பார்த்துக்கொள்ளும். இடையில் ஆடியன்ஸையோ படத்தையோ மாற்றினால் கற்றல் மறுபடி முதலிலிருந்து; ஏழு நாள் கைகளைக் கட்டிக்கொண்டிருப்பது ஒரு திறமை.

குறிக்கோளாக கிளிக்கை வைக்காதீர்கள். கிளிக் கேட்டால், எதைக் கண்டாலும் தட்டுபவர்களைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்தும். ஐம்பது விற்பனைக்குப் பணம் போதாதென்றால் ஒரு படி கீழே இறங்கி, கூடையில் போடுவதைக் குறிக்கோளாக வைக்கலாம். அதற்கும் கீழே இறங்கினால் ஆடியன்ஸ் சோதனை என்று அதைச் சொல்ல முடியாது.

எண்களை வாசிப்பது

வாரம் முடிந்தது. ஓட்டுநர் பிரிவில் 14 விற்பனை, கம்ப்யூட்டர் பிரிவில் 10, செலவு சமம். ஓட்டுநர்கள் ஜெயித்தார்களா? இரண்டையும் கூட்டுங்கள்: 24. வர்க்கமூலம் சுமார் 4.9. இரட்டித்தால் 9.8. வித்தியாசம் இதைத் தாண்டினால்தான் நம்பலாம். வித்தியாசம் வெறும் 4, அதாவது தற்செயலாகவே வரக்கூடியது. 40-க்கு 20 என்று வந்திருந்தால் கூட்டல் 60, வர்க்கமூலம் 7.7, இரட்டித்தால் சுமார் 15.5, வித்தியாசம் 20 அதைத் தாண்டிவிட்டது, நம்பி முடிவெடுக்கலாம். ஆட்ஸ் மேனேஜர் இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். சாதாரண அறிக்கைப் பக்கத்தில் இந்த எச்சரிக்கையைக் காட்டாது.

விற்பனையே வராத பிரிவை எப்போது மூடுவது? மூன்றை கிளிக் எண்ணிக்கையால் வகுங்கள். 90 கிளிக், பூஜ்யம் விற்பனை என்றால் உண்மையான விற்பனை விகிதம் 3.3 சதவீதத்தைத் தாண்டுவது மிக அரிது. ஒரு கிளிக்குக்கு 2 அலகு போகிறது, விற்பனைக்கு 60 வரைதான் தாங்கும் என்றால் உங்களுக்கு முப்பது கிளிக்குக்கு ஒன்றாவது விற்க வேண்டும். அதுவும் அதே 3.3 சதவீதம். ஆக 90 கிளிக், 180 அலகு செலவு: தாங்கும் விலையைப் போல மூன்று மடங்கு கொடுத்தும் ஒன்றுமில்லை என்றால் நிறுத்தலாம். அதற்கு முன் பயந்து மூடுவதும் தவறு, பாசத்தில் பத்து மடங்கு வரை விடுவதும் தவறு. கிளிக் செய்த 7 நாளுக்குள் நடந்த விற்பனையும் இயல்பாகக் கணக்கில் வருவதால் கடைசி நாள் கிளிக்குகளுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்துப் பாருங்கள்.

பூஜ்யத்துக்கு ஆடியன்ஸ்தான் காரணம் என்று தீர்ப்பெழுதும் முன் இரண்டு இடத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். லிங்க் கிளிக் 100, லேண்டிங் பேஜ் வியூ 60 என்று காட்டினால், நாற்பது பேர் பக்கம் திறக்கும் முன்பே போய்விட்டார்கள்: பக்கம் மெதுவானது, அல்லது கை தவறித் தட்டிய கிளிக்குகள். ப்ளேஸ்மென்ட் (விளம்பரம் தெரியும் இடம்) பிரேக்டவுனில், மெட்டா பிற நிறுவனங்களின் செயலிகளில் விளம்பரம் காட்டும் ஆடியன்ஸ் நெட்வொர்க்கின் பங்கைப் பாருங்கள், கை தவறிய கிளிக்குகளின் வீடு பெரும்பாலும் அதுதான். கூடையில் பலர் போட்டும் பணம் கட்டும் இடத்தில் காணாமல் போகிறார்களா? அப்போது ஆள் சரியானவர். கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைத்த டெலிவரிக் கட்டணத்தைத்தான் திருத்த வேண்டும். 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5-க்குப் பிறகு ஐபோன்காரர்களில் பலர் கண்காணிப்புக்கு அனுமதி தருவதில்லை. பிக்சலை மட்டும் நம்பாமல், உங்கள் சர்வரிலிருந்து நேரடியாகத் தகவல் அனுப்பும் கன்வர்ஷன்ஸ் ஏபிஐ-யும் வைத்து, ஒரே ஆர்டர் இரண்டு முறை எண்ணப்படாமல் ஒரே அடையாள எண் கொடுத்து அனுப்புங்கள். ஆர்டர் பக்கத்தில் 'எதற்காக வாங்குகிறீர்கள்?' என்று ஒரு கேள்வி வைப்பது இவை எல்லாவற்றையும்விட மலிவு. கார் இருக்கை, அலுவலக நாற்காலி, பால் கொடுக்கும்போது, பெற்றோருக்கு, வேறு. எந்த பிரேக்டவுனும் தராத பதிலை அந்த ஐந்து விருப்பங்கள் தரும்.

யாருக்கு இது, யாருக்கு வேறு

மக்கள் பெயர் சொல்லித் தேடும் பொருளாக இருந்தால் மெட்டாவைவிட கூகுள் தேடல் விளம்பரம் முதலில். அங்கே ஆளே தன் தேவையைத் தட்டச்சு செய்து தருகிறார். ஆடியன்ஸ் ஊகமே குறைவு. பொருளைப் பற்றி யாரும் இன்னும் கேள்விப்பட்டதே இல்லை, தேட வார்த்தையே இல்லை என்றால் மெட்டா. நிறுவனங்களுக்கு விற்பதானால் லிங்க்ட்இன்: வேலைப் பெயர், நிறுவன அளவு எல்லாம் அங்கே நம்பகமாக இருக்கும், கிளிக் விலை நன்றாகவே உறைக்கும், 300 பேருக்குக் குறைந்த ஆடியன்ஸுக்கு அது ஓடாது. அலுவலகத்துக்கு இருநூறு மெத்தை மொத்தமாக வாங்குபவரை ஃபேஸ்புக்கில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

மதிப்பெண் வேண்டுமென்றால், ஆயிரம் வாடிக்கையாளர் இருப்பவருக்கு 5-க்கு 4.5. முதல் நூறைத் தேடுபவருக்கு 3. அதுவும் ஏ/பி டெஸ்டுக்கும் வீடியோ ஆடியன்ஸுக்குமாக. பெட்டிகள் அடிக்கடி இடம் மாறுவதற்கு அரை மதிப்பெண் குறைக்கலாம். போன மாதம் இருந்த பொத்தான் இந்த மாதம் இரண்டு மெனுவுக்குள் ஒளிந்திருக்கும்.

பப்ளிஷ் அழுத்தும் முன் முன்னிருப்பாக ஆன் ஆகியிருக்கும் மூன்றை மட்டும் திறந்து பாருங்கள். அட்வான்டேஜ் பிளஸ் ஆடியன்ஸ்: சோதனை ஓட்டத்தில் பிரிவுகள் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க பழைய ஆடியன்ஸ் முறைக்கு மாற்றுங்கள். ப்ளேஸ்மென்ட்: ஆடியன்ஸ் நெட்வொர்க்கை எடுங்கள். கிரியேட்டிவ் மேம்பாடுகள்: உங்கள் படத்தை வெட்டியும் வரிகளை இடம் மாற்றியும் தானே அழகுபடுத்தும் வசதி இது, ஓட்டுநர் படத்தின் மேல் வேறு பிரிவுக்கு எழுதிய வரி ஏறி உட்கார்ந்தால் சோதனையே குழம்பும், அணைத்து விடுங்கள். சோதனை முடிந்து எந்தப் பிரிவு என்று தெரிந்த பிறகு மூன்றையும் மறுபடி ஆன் செய்துகொள்ளலாம்.